ஊறல் திறக்கும் ராமராஜன்

காதைக் குழாயோடு ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ராமராஜன். "வரியா, வர்லியா? எதாவது ஒண்ணு சொல்லித் தொலை" என்கிறார். எதிரே ஆள் யாரும் இல்லை. பேச்செல்லாம் மோட்டாரிடம்தான்.

ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊருக்கு அவர் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். ஆற்று மணலில் ஊராட்சி ஆழமாக இறக்கிய கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். பிறகு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறந்துவிட வேண்டும். மோட்டாருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பெருசு. "பெருசு தூங்குது" என்றால் கரண்ட் இல்லை. "பெருசு இருமுது" என்றால் கிணற்றில் நீர் இறங்கிப்போய்க் குழாய் காற்றை இழுக்கிறது. இப்போதெல்லாம் பெருசுக்குத் தினமும் இருமல்தான்.

ஊரில் அவரளவுக்குத் திட்டு வாங்கியவர் யாரும் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "இன்னா ராமராஜா, இங்க சாம்பாரு மட்டும் கரெக்டா வருது, எங்க தெருவுக்குத் தண்ணி வர்லியே?" என்று பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். அவர் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. "அது வருதுபா, நான் திறந்து உடறேன். வர்லன்னா நான் இன்னா, வாயாலயா ஊத்துவேன்?" என்பார். பிறகு அப்பளத்தை நொறுக்குவார்.

அவருடைய காலனித் தெரு குழாய் வரிசையில் கடைசி. மேட்டுத் தெருவெல்லாம் பிடித்து மிச்சம் இருந்தால்தான் அங்கே சொட்டும். ஆபரேட்டர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? அவர் மனைவி செல்லியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய்ப் பிடித்துவருகிறாள். போகும்போதும் வரும்போதும் புருஷனுக்கு அர்ச்சனை உண்டு.

ஊருக்கு மேற்கே, ஆற்றோரமாக, ஒரு வெள்ளைக் கட்டிடம் இருக்கிறது. தண்ணீர்க் கம்பெனி. அதன் ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சும் தண்ணீர் பாட்டிலில் அடைபட்டு, லாரியில் துறைமுகம் போய், கப்பலேறி மாலத்தீவுக்குப் போகிறது. ராமராஜனின் மகள் நதியா அங்கேதான் லேபிள் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்த நாட்டு எழுத்துப் போட்ட லேபிளை முதல்நாள் கொண்டுவந்து காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நம்ப தண்ணிப்பா! ஃபாரின் போவுது!" அப்பனுக்கும் நெஞ்சு விம்மியது. பொய் சொல்வானேன், அந்த வேலை வந்த பிறகுதான் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் வந்தது. செல்லியம்மாளின் முட்டிவலிக்கு ஈ.எஸ்.ஐ. கார்டில் வைத்தியம் நடந்தது. வெயிலில் களையெடுக்கப் போயிருக்க வேண்டிய பெண்கள் ஒரு வேன் நிறையத் தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்து மதில் சுவரும் கம்பெனி கட்டிக்கொடுத்ததுதான்.

இனி அவர் செய்த காரியத்துக்கு வருவோம்.

சித்திரைப் பௌர்ணமியன்று ஊர்ப் பொன்னியம்மன் ஆற்றுக்கு இறங்குவாள். ஆற்றங்கரை மண்டபத்துக்கு நேர் எதிரே, வருஷா வருஷம் அதே இடத்தில், மணலில் இடுப்பளவு பள்ளம் வெட்டுவார்கள். அடியில் நீர் ஊறி வரும். அதுதான் ஊறல். அதில் அம்மனுக்கு மஞ்சள் நீராட்டு. பிறகு ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடிப்பார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் வந்து ஆளுக்கொரு சொம்பு எடுத்துப்போவார்கள். அதைச் சாயத் தொட்டியில் விட்டால் அந்த வருஷம் நிறம் நிற்கும் என்று நம்பிக்கை. பள்ளத்தில் இறங்கி வெட்டுவது மேட்டுத் தெருக்காரர்களின் உரிமை. காலனிக்காரர்கள் கரையில் நின்று கும்பிடுவார்கள். சட்டம் எழுதிவைக்கவில்லை, ஆனால் அப்படித்தான்.

கம்பெனி வந்த சில வருஷங்களில் ஒரு சித்திரையில் ஊறல் வரவே இல்லை. உச்சி வெயில் வரைக்கும் வெட்டினார்கள். வெறும் மணல். அம்மன் குளிக்காமலேயே கோயிலுக்குத் திரும்பினாள். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அதற்கப்புறம் ஊரில் எது நடந்தாலும் பழி அதன்மேல்தான். கல்யாணம் தட்டிப்போனதா, அம்மன் கோபம். மாடு செத்ததா, அம்மன் கோபம். கறவை நின்றாலும் அம்மன்தான்.

அடுத்த சித்திரை நெருங்கியபோது ராமராஜனுக்கு மனசு கேட்கவில்லை. ஊராட்சிக் கிணற்றுக் குழாயில் ஒரு கிளை எடுத்து, கறுப்பு ஓஸ் ஒன்றை மணலுக்கடியில் புதைத்து, ஊறல் பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் இரண்டு முழம் கீழே கொண்டுபோய் விட்டார். விழாவன்று பள்ளம் இடுப்பளவு ஆனதும் கிணற்றடியில் நின்று மெல்ல வால்வைத் திருகினார். மணல் கசிந்தது, குமிழி விட்டது, நீர் ஏறியது. கூட்டம் போட்ட கூச்சலில் மேளச் சத்தமே கேட்கவில்லை. "ஜனங்க மூஞ்சப் பாக்கணுமே செல்லி, அப்படியே கொழந்தைங்க" என்று அன்று மனைவியிடம் மட்டும் சொன்னார். ஓஸ் அங்கேயே கிடந்தது. மூன்று வருஷம் அம்மன் ஓஸ் தண்ணீரில் குளித்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது போன வருஷ மே தினத்துக் கிராம சபையில். கம்பெனி இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட ஊரின் சம்மதம் கேட்டது. காலனியிலிருந்து மஹாலட்சுமி எழுந்து, "எங்க தெருவுல குடம் ரொம்பல சார். எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திட்டா நாங்க எங்க போறது?" என்று கேட்டாள். கம்பெனி மேலாளர் விமல்ராஜ் சிரித்தபடி எழுந்தார். "அம்மா, ரிப்போர்ட்டெல்லாம் நான் காட்டல. போன வாரம் ஊறல் எப்படிப் பீறிக்கினு வந்துச்சு? ஊரே அள்ளிக் குடிச்சுச்சே! பூமியில தண்ணி இல்லன்னா அது எப்படி வரும்?" ஊராட்சித் தலைவர் வெங்கடேசன் முதலில் கை தட்டினார். ஊரே தட்டியது. மஹாலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். ராமராஜன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். விழுங்கிவிட்டார்.

அந்தக் கிணறு போட்டதிலிருந்து காலனிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். இந்த வருஷம் மூன்றாவது கிணற்றுக்கு வந்து நிற்கிறார்கள். அது வந்தால் இரண்டாவது ஷிப்ட். அதில் நதியாதான் சூப்பர்வைசர்.

விழாவுக்கு முந்தின நாள் அவளிடம் ஓஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இப்ப போயி இத்தச் சொன்னா என் வேலை போயிடும்பா. வேன்ல வர்ற எல்லாப் பொண்ணுங்களுக்கும் போயிடும். அங்க சுத்திக் கடல்பா. குடிக்கறதுக்கு ஒரு சொட்டு நல்ல தண்ணி இல்ல. நம்பகிட்ட இருக்கறதக் குடுத்தா இன்னா தப்பு?"

"தப்பே இல்லம்மா. தாகத்துக்குக் குடுக்கறது புண்ணியம். இருக்குதான்னு பாத்துட்டுக் குடுக்கணும். இல்லாதத இருக்குதுன்னு காட்டிக்கினு இருக்கறது நான்தான?"

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று அடுப்படியிலிருந்து செல்லியம்மாள் குரல் கொடுத்தாள். நதியா தாயை முறைத்தாள். "உனக்கு முட்டி வலிக்கலன்னதும் பேசறியா?" என்றாள். யார் சொன்னதிலும் தப்பு இல்லை, அதுதான் கஷ்டம். ராமராஜன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சித்திரைப் பௌர்ணமி. அரக்குப் பட்டு கட்டி அம்மன் மண்டபத்தில் இருக்கிறாள். பந்தலில் விமல்ராஜுக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. பள்ளம் இடுப்பளவு வந்தது. ராமராஜன் கிணற்றடியில் நிற்கிறார். வால்வு காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டத்தில் நதியா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் குனியவில்லை.

பள்ளம் மார்பளவு ஆயிற்று. மேளம் தயங்கி நின்றது. "அம்மா சோதிக்கறாபா, இன்னும் வெட்டு, வெட்டு" என்று வெங்கடேசன் கத்தினார். பெண்கள் பக்கம் ஒரு விசும்பல் கிளம்பியது. அந்தச் சத்தம்தான் அவரைக் கொன்றது. ஒரு திருகு, ஒரே ஒரு திருகு திருகினால் எல்லாரும் சிரிப்பார்கள். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்தை நோக்கி நடந்தார்.

"தோ, நீ எங்க வர்ற?" என்று ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். ராமராஜன் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினார். மண்வெட்டி பிடித்திருந்தவர்கள் ஒதுங்கினார்கள். மண்டியிட்டு, மணலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். எதையோ பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கறுப்பு ஓஸை மணலைக் கிழித்துக்கொண்டு முழம் முழமாக இழுத்து வெளியே போட ஆரம்பித்தார்.