கழுவாத போட்டோ

கம்ப்யூட்டருக்கு முதலில் எதை மாற்றுவது, ப்ராசஸரா, ரேமா, கிராபிக்ஸ் கார்டா என்று ஒரு வாரமாக இந்தக் குழுவில் உங்களை நச்சரித்தேன் அல்லவா? கடைசியில் ரேம்தான் வென்றது. நேற்று நாமக்கல்லில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து மலையேற்றி, செம்மேட்டில் என் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டேன்.

இன்று முதல் ஆள், வாழவந்தி நாட்டிலிருந்து மிளகு விற்க வந்த ஒரு அக்கா, முன்பும் என்னிடம் படம் எடுத்தவர். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. முகத்தில் விழுந்த நிழலை எடுக்கவேண்டும். முன்பெல்லாம் அதற்குத் திரையில் ஒரு நீலக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், டீ குடித்துவிட்டே வரலாம். இன்று உடனே முடிந்தது. பிரிண்டை நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை.

“ஏனுங்க, அந்தக் கோடு ஓடவே இல்லீங்களே?”

“புது ரேம் போட்டிருக்கேங்க்கா. வேகமாயிருச்சு.”

“அதுக்குன்னு கழுவாமயே குடுக்கறதுங்களா?”

பிலிம் ரோல் காலத்தில் படம் கழுவி வரக் காத்திருந்தவர். அந்தக் கோடு ஓடுவதைத்தான் கழுவுவது என்று நினைத்திருக்கிறார். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை.

வேறு வழியில்லாமல் வைரஸ் ஸ்கேனை ஓடவிட்டேன். கோடு நிதானமாக ஊர்ந்தது. அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் அதே படத்தை இன்னொரு பிரிண்ட் போட்டேன்.

“இப்பத்தானுங்க மூஞ்சி தெளிஞ்சிருக்குது.”

அவர் பையில் வைப்பதற்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே படம்தான். ஆனால் இரண்டாவது எனக்கும் கொஞ்சம் தெளிவாகத்தான் தெரிந்தது.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு என்றவர்களே, யோசித்துச் சொல்லுங்கள். இன்னும் வேகமாக்கவா, கொஞ்சம் கழுவ விடவா?