வளைவில் உடைத்த நீத்துப்பூசணி

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டோரத்தில் நேற்று இரண்டு பேர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் மெஷின். பெட்ரோலும் ஒயிலும் கலந்து எரிகிற புகை, அதோடு வெட்டுப்பட்ட புல்லின் வாசம். பக்கத்தில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, அந்தப் புகையை நன்றாக இழுத்துவிட்டேன். நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்க வந்தவள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். என்ன செய்வது, என் இளவயதுக்கு மல்லிகை வாசம் கிடையாது. இந்தப் புகைதான் இருந்தது.

தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. வருடா வருடம் சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு, கடைவீதியிலிருந்து தேயிலை ஸ்டோர் வரைக்கும் ஏறுகிற தார் ரோட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைப்பார்கள். எல்லோரையும் ஒன்றாக விடுகிற பந்தயம் இல்லை. ஒவ்வொருவராக விடுவார்கள், குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறவருக்குக் கப். கொழும்பு, கண்டி, குருநாகல் என்று எங்கெங்கிருந்தோ பைக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே அந்த ரோடு அப்படியே மடங்கித் திரும்பும். அந்த வளைவின் மேட்டில்தான் எங்கள் ஆட்கள் உட்காருவது. காலையிலேயே பாய் போட்டு இடம் பிடித்துவிடுவோம்.

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த டயர் ஈரத்தில் பிடிக்கும், எந்த கியரில் இந்த வளைவை எடுக்க வேண்டும் என்று குழந்தைகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே பாடம் நடத்துவேன். எல்லாம் ரபீக் நானாவின் டயர் கடையில் கேட்டுக் கற்றுக்கொண்டது. கடைவீதியில் அவருடைய கடைதான் எங்கள் ஆட்களின் கூடாரம். பழைய ரப்பர் வாசமும் இஞ்சி போட்ட பிளேன்டீ வாசமும் அங்கே எப்போதும் சேர்ந்தே இருக்கும். அந்தக் கடையில் வேலை செய்தவன்தான் எங்கள் ரவி. ஸ்டோர் லொறி டிரைவரின் மகன். நானாவும் அவனும் பழைய பைக் ஒன்றைப் பிரித்துப் பூட்டி, பந்தய வண்டியாக்கி வைத்திருந்தார்கள். கொழும்புப் பையன்களின் புது வண்டிகளுக்கு நடுவில் அது கொஞ்சம் ஏழையாகத்தான் தெரியும். ஆனாலும் ஒரு வருடம் ரவி அதில் கப் எடுத்தான். அன்றைக்கு எங்கள் லயத்தில் பாற்சோறு பொங்கிய வாசம் இப்போதும் எனக்குப் பசி கிளப்பும்.

மறு வருடம் எங்கள் கண் முன்னால் விழுந்தான். வளைவுக்குள் வந்தவன் வெளியே வரவில்லை, வண்டி தனியாக வந்தது. ஓரத்து மதகுக் கட்டில் அடிபட்டுக் கிடந்தான். தொடை எலும்பு முறிந்து, நெஞ்சிலும் அடி. அவனுடைய மனைவி செல்வி என் பக்கத்தில்தான் இருந்தாள். பிள்ளைக்காம்பராவில் என்னோடு வேலை செய்தவள். அவள் அழவில்லை. கையிலிருந்த பிஸ்கட் பக்கெட்டை மடித்து மடித்து மிகச் சிறியதாக்கிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கடைவீதியில் யாரும் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை. நானா கடைச் சுவரில் ஒட்டியிருந்த ரவியின் படத்தைக் கழற்றினார். பார்க்க முடியவில்லை என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் படம் மறுபடி சுவரில் இருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்தைக் கழற்றக்கூடாது என்று இரவெல்லாம் தோன்றியதாம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, ரவி ஒருவழியாக நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினான். நடக்கத் தொடங்கியதும் நேராகப் போனது அந்த வண்டியிடம்தான்.

"நீ வேணாம்னு சொல்லேன்" என்று செல்வியிடம் கேட்டேன்.

"சொன்னா நிப்பாட்டிருவாருக்கா. அதுனாலதான் சொல்ல முடியல."

அடுத்த பந்தயம் நெருங்கியதும் எங்கள் ஆட்களெல்லாம் ஆளுக்கொரு பாதுகாப்பைத் தேடத் தொடங்கினார்கள். நானா கடையிலிருந்த பழைய டயர்களையெல்லாம் உருட்டிக்கொண்டு வந்து மதகுக் கட்டை மறைத்து அடுக்கினார். பந்தயம் நடத்துகிறவர்களிடம் போய், அந்த இடத்தில் வைக்கோல் கட்டும் போடச் சொல்லி வாதாடினார். ஆண்கள் இவ்வளவு செய்யும்போது நாங்கள் சும்மா இருப்போமா? அவன் கப் எடுத்த அன்றைக்குப் பட்ட கண்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பெண்கள் கூடி முடிவு செய்தோம். அதில் என் குரல்தான் பெரியது. பெரிய நீத்துப்பூசணி ஒன்று வாங்கி, குடைந்து, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, மேலே சூடம் கொளுத்தி, பந்தயத்தன்று விடியற்காலையில் அவன் விழுந்த அதே இடத்தில் ஓங்கி உடைத்தோம். நன்றாகச் சிதறியது. மனதுக்கு அவ்வளவு ஆறுதல்.

வெயில் ஏறியதும் ரோட்டைப் பார்வையிட வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஜீப்பில் வந்தார். வளைவில் இறங்கி, செருப்பு வழுக்கி, ஜீப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மேக்க கவுத தெம்மே?" என்றார். யார் போட்டது என்று கேட்கிறார். சிங்களம் தண்ணீராகப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் அந்த நிமிடம் ஒருவருக்கும் சிங்களம் தெரியவில்லை.

பின்னாலேயே நானா வந்தார். சதையும் விதையுமாகக் கிடந்த தாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள வழுக்கி வுழட்டும்னா இத ஒடச்சி வச்சிரிக்கிறீங்க?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஈரப் பூசணியில் பைக் டயர் நிற்குமா? டயர் பாடம் நடத்திய எனக்கே அது தோன்றவில்லை. ஓடிப் போய் வாளியும் தும்புத்தடியும் கொண்டுவந்தோம். யாரோ அவசரத்தில் சவர்க்காரத் தூளைக் கொட்டிவிட்டார்கள், ரோடு முன்பைவிட மோசமாக நுரைத்தது. பிறகு தண்ணீர், அதன் மேல் மரத்தூள், கூட்டி அள்ளி மறுபடி தண்ணீர். கடைசியில் முழங்காலில் நின்று, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கால் துடைத்தோம். செல்வியும் துடைத்தாள். அவள் விரலால் தாரைத் தேய்த்துப் பார்த்து, தேய்த்துப் பார்த்துத் துடைத்தாள். பந்தயமும் எங்களால் தாமதம்.

ஓட்டுகிறவர்கள் புறப்படுமுன் ரோட்டை நடந்து பார்ப்பது வழக்கம். ரவியும் நொண்டிக்கொண்டு நடந்து வந்தான். எங்களைப் பார்த்து நின்றுவிட்டான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, குங்குமக் கறை இன்னும் தெரிந்தது. குனிந்து செல்வியின் கையிலிருந்த சாக்கை வாங்கி, அவளை எழுப்பிவிட்டான். பிறகு கீழே போய்விட்டான்.

அவன் முறை வந்தபோது மேட்டில் ஒருவரும் உட்காரவில்லை. கீழே வண்டி உறுமுவது கேட்டது, ஏறுவது கேட்டது. வளைவுக்குள் வந்தவன், தபால்காரர் கடிதம் கொடுக்க வருகிற வேகத்தில் வந்தான். ஒரு கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டிவிட்டு, அதே வேகத்தில் வளைவைத் திரும்பி மேலே போனான். கப் யாருக்கோ போனது. ரவிக்குக் கடைசிக்கு முந்திய இடம். எங்கள் மேட்டில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, அவன்தான் வென்றான் என்று ஸ்டோர் பக்கம் இருந்தவர்கள் நினைத்தார்களாம்.

சாயங்காலம் கடையில் நானா பிளேன்டீயை அவன் முன்னால் வைத்து, "என்ன மகன், வண்டியில ஏதும் கொளாறா?" என்றார், ஒன்றும் தெரியாதவர்போல.

"வண்டி நல்லாத்தான் இருந்திச்சி நானா. அக்காமாரெல்லாம் முட்டி போட்டு கழுவுன எடத்துல எப்புடி முறுக்கிக்கிட்டு போறது?"

அதுதான் அவனுடைய கடைசிப் பந்தயம். சில வருடங்களில் கொரோனா வந்து பந்தயத்தை நிறுத்தியது. அது போனதும் பெட்ரோல் வரிசை வந்தது. போத்தலில்கூட எண்ணெய் கிடைக்காத காலத்தில் யார் பந்தயம் வைப்பார்கள்? அதன் பிறகு யாரும் தொடங்கவில்லை. நானா கடையை மூடிக்கொண்டு மகளோடு மாவனல்லைக்குப் போய்விட்டார். மேட்டில் இப்போது மானாப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. விழுந்து எழும்புகிற ஒரு பந்தயம் நின்றது நல்லதுதான் என்று என் புத்தி சொல்கிறது. நானும் தலையாட்டுகிறேன்.

டயர் வேலையும் இல்லாமல் போனதால் ரவி கட்டார் போய்விட்டான். அங்கே பெரிய டிரெய்லர் ஓட்டுகிறான். இரவும் ஓட்டுவானாம். செல்வி போன் எடுக்கும்போதெல்லாம் அவன் கடைசியாக எப்போது பேசினான் என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவாள்.

"அங்கெல்லாம் ரோடு நேரா போகுதாம்க்கா. வளைவே இல்லியாம்" என்றாள் போன வாரம்.

"அப்ப பயமில்ல" என்றேன். நேரான ரோட்டில்தான் தூக்கம் வரும் என்று அவளிடம் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். முன்பெல்லாம் அவனை நினைத்துப் பயம் வந்தால் போய் நிற்க எங்களுக்கு ஒரு மேடு இருந்தது, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. இப்போது அவன் ஓட்டுவதை எங்களில் ஒருவரும் பார்ப்பதில்லை. எந்த இடத்தைக் கழுவிவிட்டால் அவன் பத்திரமாக வந்து சேருவான் என்று யாராவது சொன்னால், இந்த முழங்கால் வலியோடும் போய்க் கழுவிவிட்டு வருவேன்.