ஜைனம்பு தைத்த புத்தகம்

இந்த ஊர் நூல்நிலையத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. மேசையில் வைக்கிறார்கள், குமாஸ்தா முத்திரை குத்துகிறார், அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடையை விரித்துப் போய்விடுகிறார்கள். முந்நூறு பக்கம் ஒரு குடும்பத்தின் அடுப்படிவரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எப்படித்தான் தூங்குகிறார்களோ! மலாய் நாட்டிலுள்ள தைப்பிங் என்னும் இந்த மழைக்கார ஊருக்கு நான் வந்து நாலு வருஷமாகிறது. சோற்றில் தேங்காய்ப்பால் பழகிவிட்டது. தினமும் மத்தியானம் தவறாமல் பெய்கிற மழையும் பழகிவிட்டது. இந்த மௌனம் மட்டும் பழகவில்லை.

போன வருஷம் ஒருநாள் ஓர் இங்கிலீஷ் நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "இந்தப் புத்தகம் சரியில்லை. பாதிக்கு மேல் கெட்டுப்போயிருக்கிறது" என்று, மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷில் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் வட்டக் கண்ணாடி போட்ட வயதான சீனர். பாவம், பதறிப்போனார். புத்தகத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், பிறகு விரலை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எண்ணத் தொடங்கினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். கால்மணி நேரம் கழித்து, "எல்லாப் பக்கமும் வரிசையாக இருக்கிறது, மேடம்; ஒன்றும் குறையவில்லை" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கெட்டுப்போனது கதாநாயகியின் புத்தி என்று விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை. சிரித்துக்கொண்டே மழையில் இறங்கினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று யாரும் பார்க்காத புத்தகம் ஒன்று என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அது என்னுடையதும் அல்ல.

அந்தப் புத்தகத்தைத் தைத்தவள் ஜைனம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். எட்டாம் வகுப்புவரை நானும் அவளும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு கம்பவுண்டரான என் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் வேலை கிடைத்து நாங்கள் குடிபெயர்ந்தோம். அவள் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோடு வைத்துவிட்டார்கள். அத்தா என்று அவள் கூப்பிடுகிற அவளுடைய அப்பா கண்டிப்பானவர்தான். ஆனால் வாராவாரம் பத்திரிகை வாங்கிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அதில் வருகிற தொடர்கதையை அவள் வாரம் தவறாமல் கத்தரித்துச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, ஜவுளிக்கடை அட்டையில் சோற்றுப் பசை தடவி ஒட்டினால் புத்தகம் தயார். எங்கள் பக்கத்து வீடுகளில் அன்றைக்கு நாவல் என்றாலே இப்படித் தைத்ததுதான்.

நான் சனிக்கிழமை ரயிலில் அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜைனம்புவிடமிருந்து ஒரு புத்தகம் ராஜபாளையத்துக்கு வரும். அங்கே நாங்கள் ஐந்து பெண்கள் முறைபோட்டுப் படிப்போம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் வெள்ளைத்தாள் நாலைந்து சேர்த்துத் தைத்திருப்பாள். அதற்கு அபிப்பிராயத் தாள் என்று பெயர். படித்தவள் அதில் எழுதியே ஆகவேண்டும். "நல்லாருக்குன்னு மட்டும் எழுதுனா அடுத்த புத்தகம் கெடையாது. ஏன் நல்லாருக்கு, எங்க நல்லால்ல, எல்லாம் வேணும்" என்பது ஜைனம்புவின் சட்டம். வெளியே வர முடியாதவள் அந்தத் தாள்களின் வழியாகத்தான் எங்களோடு பேசினாள். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைசியாக வந்த நாவல், பட்டணத்தில் வக்கீலாகிற ஒருவனையும் அவன் மனைவியையும் பற்றியது. பெரிய மனிதர்களான நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது, கிராமத்திலிருந்து வந்த மனைவியை அவன் வேலைக்காரி என்று சொல்லிவிடுகிறான். நாங்கள் படித்த புத்தகத்திலோ, அவன் அப்படிச் சொல்வதற்கு வெகு முன்னாலேயே அவள், "நடந்ததையெல்லாம் மறந்துவிட்டேன்" என்று அவனை மன்னித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கள் கூட்டத்தில் தெலுங்கு பேசுகிற சுப்பம்மா ஒருத்திதான் அதில் அதிசயப்படவில்லை. "இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுப் பொம்பளைகளும் என்ன தப்புன்னு கேக்காமலே மன்னிச்சிருவாக. நம்மளச் சுத்தி நடக்கறதத்தான எழுதியிருக்கான்" என்றாள். அவள் சொன்னது எங்களுக்குச் சரியாகவே பட்டது. அபிப்பிராயத் தாளில் நான் இரண்டு பக்கம் எழுதினேன். எதற்கு மன்னிக்கிறோம் என்றே தெரியாமல் மன்னித்த மடச்சி என்று கதாநாயகிக்குப் பட்டம் சூட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நேரில் போனபோது ஜைனம்பு அந்தத் தாளைப் படித்துவிட்டு முகம் சிவந்தாள். மடியில் இன்னொரு கதையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி எஸ்தர், கண்ணத் தொறந்துட்டுத்தான் படிச்சியா? அவ மன்னிச்சது எம்புட்டுப் பெரிய மனசு!"

"பெரிய மனசில்ல, மடத்தனம்."

"உனக்குப் பாடம் படிக்கத்தான் தெரியும். கதை படிக்கத் தெரியாது."

அதோடு விட்டிருக்கலாம். பேச்சில் தோற்றுப் பழகாதவள் நான். "வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கவளுக்கு மன்னிக்கிறதத் தவிர வேற என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

ஜைனம்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "செத்த நேரத்துல ரயில் வந்துரும். நீ கெளம்பு" என்றாள். நான் கிளம்பினேன். வீம்பில் அந்தப் புத்தகத்தையும் என் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கொடுக்கலாம், அதற்கடுத்த சனிக்கிழமை கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டதில் கல்யாணம் நிச்சயமாகி, நாகப்பட்டினத்தில் கப்பலும் ஏறியாகிவிட்டது. சொல்லிக்கொள்ளக்கூட நான் போகவில்லை. இங்கே வந்த பிறகு அவளுக்குக் கடிதம் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் 'அன்புள்ள ஜைனம்பு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

நூல்நிலையத்திலிருந்து நனைந்துபோய் வீட்டுக்கு வந்த அன்று, தலையைக்கூடத் துவட்டாமல் பெட்டியைத் திறந்தேன். அந்தப் புத்தகத்தில் அத்தியாயம் ஒவ்வொன்றின் தலையும் வெட்டப்பட்டிருக்கும். படங்களை ஒட்டி வைப்பதற்காக ஜைனம்புவின் தங்கை கத்தரித்தது. படத்தோடு அத்தியாய எண்ணும் போய்விட்டது என்பதை ஊரில் இருந்தபோது நாங்கள் ஒருத்தியும் யோசிக்கவில்லை. இப்போது நான் கதையைப் படிக்கவில்லை. தாள்களின் முதுகைப் பார்த்தேன். கதை முடிந்த இடங்களில் பின்பக்கம் விளம்பரங்கள் இருந்தன. மனைவி மன்னிக்கிற இடத்தின் முதுகில் கரும்பும் பானையுமாகப் பொங்கல் வாழ்த்து. கணவன் அவளை வேலைக்காரி என்கிற இடத்தின் முதுகில் தீபாவளிப் பட்டாசு விளம்பரம். எந்த ஊரில் பொங்கல் முடிந்து சில வாரத்திலேயே தீபாவளி வரும்? நாலு கட்டாகத் தைத்ததில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன. ஜைனம்பு வாராவாரம் படித்தவள். தைத்த புத்தகத்தை அவள் திரும்பப் படித்திருக்கமாட்டாள்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் குமாஸ்தா. வேலை முடிந்து வந்தவர், நான் தரையில் தாள்களைப் பரப்பி அழுதுகொண்டிருந்ததைக் கண்டு பயந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "திருட்டுப் புத்தகத்தோடதான் கப்பலேறுனியா? நான் கம்பவுண்டர் மகளக் கூட்டிட்டு வாரேன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். பேனாக்கத்தியால் தையலைப் பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். முதல் கட்டையும் கடைசிக் கட்டையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவற்றில் ஜைனம்புவின் நூல் அப்படியே இருக்கிறது. நடுவிலுள்ள இரண்டையும் இந்த ஊர் நூலால் நான் தைத்தேன்.

வரிசையாகப் படித்தபோதுதான் கதை விளங்கியது. வேலைக்காரி என்று அவன் சொன்ன பிறகு அவள் பல வாரம் அவனை விட்டுப் பிரிந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தனியாக வாழ்கிறாள். அவனுடைய நண்பர்கள் அத்தனை பேரையும் வரவழைத்து, 'இவள் என் மனைவி' என்று அவன் சொன்ன பிறகுதான் மன்னிக்கிறாள். இவளையா மடச்சி என்று எழுதினேன்!

தனியாகப் படித்து எனக்கு ஆறவில்லை. எங்கள் ரயில்வே வரிசை வீடுகளில் நாலு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டு உரக்கப் படிக்க வைத்தேன். முதல் வாரம் அபிப்பிராயம் கேட்டபோது நாலு பேரும் நூல்நிலையத்துக்கு வருகிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஜைனம்புவின் சட்டத்தைச் சொன்னேன். நாலாவது வாரம், அவனை மன்னிக்கலாமா கூடாதா என்று ஒருத்தி ஜடையை ஒருத்தி பிடிக்காத குறை. அந்தச் சத்தத்தில் வேலிக்கு அந்தப்புறம் இருக்கிற மலாய்க்கார அம்மாள் மக் லீமா கையில் அகப்பையோடு ஓடி வந்துவிட்டாள்.

"சியாப்பா புக்குல்?" என்றாள். யார் அடித்தது என்று அர்த்தம்.

யாரும் அடிக்கவில்லை, இது கதை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் நம்பவில்லை. இல்லாத ஒருத்திக்காக யாராவது இப்படிக் கத்துவார்களா என்று கேட்டு, அடிபட்டவளை மூலையில் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதுபோல வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் வேறு ஒன்றுமறியாமல் அங்கே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் அவரை முறைத்தாள். பிறகு பெண்கள் ஆளுக்கொரு வாக்கியமாக முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவளும் ஓர் அபிப்பிராயம் சொன்னாள். நான் தாளை நீட்டினேன். மலாயை அரபு எழுத்தில் எழுதுவது இவர்கள் வழக்கம். குர்ஆன் ஓதிக் கற்ற எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக ஒரே ஒரு வரி எழுதினாள்.

அதற்குக் கீழே நான் எழுதினேன். இம்முறை பேனா நகர்ந்தது. கதாநாயகி மடச்சி இல்லை, மடச்சி நான்தான் என்று எழுதினேன். பொங்கலும் தீபாவளியும் இடம் மாறிய கதையை எழுதினேன். அன்று நான் சொன்ன வார்த்தை மட்டும் எந்தத் தையல் தப்பாலும் வந்ததில்லை, அது என் வாயிலிருந்து வந்தது, அதற்காக நாலு வருஷமாக வெட்கப்படுகிறேன் என்றும் எழுதினேன். லீவில் எங்கள் ஊர்ப்பக்கம் சுந்தரபாண்டியத்துக்குப் போன என் வீட்டுக்காரருடைய சிநேகிதரிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையில் சேர்க்கச் சொன்னேன்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவள் எனக்கு எழுதமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்படி எழுதாவிட்டால் அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து, போன வாரம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு புதுக் கதையின் முதல் கட்டு மட்டும் இருந்தது, அத்தியாய எண்களோடு. மேலே ஒரு கடிதம். பேசுவதுபோலவேதான் எழுதியிருந்தாள்.

"எஸ்தருக்கு. புத்தகம் வந்துச்சு. கட்டு மாறுனது என் தப்பு. நீ சொன்ன வார்த்தைய நான் மறக்கல. மறந்துட்டேன்னு எழுதுனா அது பொய். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நீ சொன்ன அந்தப் பூட்டி வச்ச வீட்டுக்கு இப்ப வாரத்துக்குப் பதினோரு பிள்ளைக வந்து படிக்காக. அத்தாவே பெஞ்சு வாங்கிப் போட்டிருக்காக. உன் அபிப்பிராயத்த எல்லார் முன்னாலயும் வாசிச்சேன். மடச்சின்னு நீ எழுதுன எடத்துல எல்லாரும் சிரிச்சாக, நானுந்தான். முதல் கட்டுக்கு அபிப்பிராயம் வந்தாத்தான் ரெண்டாவது கட்டு வரும்."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ராஜபாளையத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். இங்கே மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். நாலு வருஷமாக அது எனக்குத் திசை தப்பிப்போன மாதிரியே இருந்தது. அன்று காலையில் அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஜைனம்புவின் எழுத்தைப் படித்தபோது அப்படி இல்லை.

கடிதத்தின் கீழே அவள் இன்னொன்றும் எழுதியிருந்தாள். மக் லீமாவின் வரியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தாளாம். ஓதப் படித்தவள் அல்லவா, அவளுக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. எனக்கு மக் லீமா வாயால் சொன்ன மொழி தெரியும். எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஜைனம்பு அந்த வரியைப் பார்த்து அப்படியே வரைந்து, அதன் கீழே தான் வாசித்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள்: "பிர் தீ தூ... கூ தூலு." நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, "மூணு புள்ளி வச்ச ஒரு எழுத்து இருக்கு. அது எங்க ஓதல்ல கெடையாது. அது என்னன்னும் எழுது, அந்தம்மா என்ன சொல்லுதாகன்னும் எழுது" என்று கேட்டிருந்தாள்.

வேலியருகே போய் அதை அப்படியே மக் லீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "பியார் டியா துங்கு டூலு" என்று திருத்தினாள். அவன் முதலில் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அர்த்தம். மூன்று மாதம் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவள் அல்லவா, எனக்கும் சிரிப்பு வந்தது. ஜைனம்பு விட்டிருந்த இடத்தில் பென்சிலால் 'ங்' என்று எழுதினேன். முதல் கட்டை இன்னும் படித்து முடிக்கவில்லை. முடித்து அபிப்பிராயத்தோடு சேர்த்துத்தான் அர்த்தத்தை அனுப்பவேண்டும். அது அங்கே போய்ச் சேரும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினோரு பிள்ளைகள் அந்த வரியை அர்த்தம் தெரியாமல் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். அர்த்தம் தெரிந்த நான் இங்கே அந்த எழுத்துகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.