கேட் மூடுவதற்கு முன் சொன்ன எண்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரயில்வே கேட்டில் இருந்த வருடங்களில் எண்களைத்தான் அதிகம் எழுதினேன். எழுத்துகளில் பிழை இருக்கும்.

சேலத்துக்குக் கிழக்கே ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷனைத் தாண்டி வளைவுக்கு அப்பால் முதல் கேட்காரருடைய கேட், அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி என்னுடையது. மூன்று இடத்துக்கும் ஒரே டெலிபோன் கம்பி; ஒருவர் பேசினால் மூவருக்கும் கேட்கும். ரயில் கிளம்பும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார். நாங்கள் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, சீட்டில் அச்சடித்திருக்கும் ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் கேட் அவர் கண்ணுக்குத் தெரியாது. நோட்டில் எண் ஏறினால் கேட் மூடியாயிற்று என்று அவருக்கு அர்த்தம்.

எண் சொல்வதில் எப்போதும் முதல் கேட்காரர்தான் முந்துவார். “அதுக்குள்ள மூடிட்டியா? ஊட்டுக்காரி தொரத்தி உட்டாளா?” என்று மாஸ்டர் சிரிப்பார். “ஆமாங்க சாமி, அவ விசிலுக்கு ரயிலே நிக்குமுங்க” என்பார் இவர். என்னிடம் மாஸ்டர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்துவிடுவார். எனக்குப் பேச்சு வராது. காதில் போனை வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது வயிறு எரியும். ஒரு நாளாவது முந்த வேண்டும் என்று இருந்தது.

1976இல் ஒரு காலை, மாஸ்டர் கூப்பிட்டதுமே எண்ணைச் சொல்லிவிட்டேன். கேட் திறந்திருந்தது. “அட, இன்னிக்கு நீயா!” என்றார். அந்த ஒரு சொல்லின் சந்தோஷத்தோடு மூடப் போனால், மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று எஞ்சின் அணைந்து தண்டவாளத்தின் மேல் நின்றது.

ஓடிவந்து போனைச் சுற்றினேன். மாஸ்டர் பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்துக்குப் போயிருந்தார். எடுத்தது முதல் கேட்காரர்தான்.

“ஏனுங்க, என்னாச்சு?”

“கேட்டு தொறந்து கெடக்குதுங்க. லாரி நிக்குது.”

வேறு எதுவும் கேட்கவில்லை. போனைப் போட்டுவிட்டுச் சிவப்புக் கொடியோடு ஓடி, ரயிலைத் தன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். பத்துப் பேர் சேர்ந்து லாரியைத் தள்ளினோம். கேட்டைப் பூட்டிவிட்டு, மாஸ்டர் காதில் விழாமல் இருக்க சைக்கிளில் ஆள் அனுப்பி அவரிடம் சொன்ன பிறகுதான் ரயிலை விட்டார்.

அன்று மத்தியானம் மாஸ்டர் கம்பியில் அவரிடம் கத்தினார். “ஏன்யா ரயில நிறுத்துன?”

“மாடு படுத்துருச்சுங்க சாமி. வெரட்டியும் எந்திரிக்கல.”

“உம் மாடா?”

“எம் மாடா இருந்தா எந்திரிச்சிருக்குமுங்க.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். அந்த ரயிலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும், என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யிலும் அவருக்கே சிரிப்புக் கிடைத்ததே என்று பொறாமைப்பட்டேன்.

மறுநாள் மாஸ்டர் கூப்பிட்டபோது நான் கேட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பியில் முதல் கேட்காரர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் தன் எண்ணைச் சொன்னார். பிறகு தினமும் அப்படித்தான். “இப்பல்லாம் நீதான் முந்துற” என்று மாஸ்டர் என்னைப் பாராட்டினார். அது அவர் விட்டுக்கொடுத்தது. அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். மாஸ்டரின் பழைய நோட்டில் அந்தக் காலைக்கு நேரே என் எண் இருக்கும், கேட் மூடியிருந்ததாக. அது தப்பு. கேட் திறந்திருந்தது. மாடு எதுவும் படுத்திருக்கவில்லை.

14.9.1987