பிள்ளைத் தராசில் வைத்த லேப்டாப்

"பையைக் குறைங்க, இல்லன்னா மலையைக் குறைங்க" என்றார் கள்ளக்குறிச்சி எலும்பு டாக்டர். வலது தோளில் ஜவ்வு தேய்ந்திருக்கிறதாம். தோளின் மேல் வர வேண்டிய கோபம் எனக்கு அவர் மேல் வந்தது. வெளியே வந்து, செருப்பை மாட்டுவதற்குள் இரண்டு முறை அவரை மனதுக்குள் திட்டிவிட்டேன்.

நான் கல்யாணப் படம் எடுப்பவன். கீழே எங்கள் வடக்கனந்தலிலோ கள்ளக்குறிச்சியிலோ என்றால் மண்டப வாசல்வரை வண்டி போகும். கல்வராயன் மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஏறினால்தான் சில ஊர்கள் கண்ணில் படும். அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, ஆல்பத்தில் எந்தப் படம் போக வேண்டும் என்பதை ஊரே வாசலில் கூடிப் பொறுக்கும். வீட்டுக்கு ஒரு படமாவது இருக்க வேண்டும். ஒரு வீடு விட்டுப் போனாலும் வம்புதான். செல்போனில் அனுப்பலாம் என்றால் டவர் கிடைக்காது. அதனால் முதல் நாள் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களை அங்கேயே லேப்டாப்பில் ஏற்றி, நல்லது கெட்டது பிரித்து, விடிந்ததும் கடை விரித்தாக வேண்டும். பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. "என் மாடு எங்க?" என்று கேட்பவரும், "என்னக் கறுப்பா எடுத்துட்ட" என்று சண்டைக்கு வருபவரும் மண்டபத்தில் கிடைக்க மாட்டார்கள். சொல்லப்போனால் அந்த ஒரு காலை நேரத்துக்காகத்தான் நான் மலை ஏறுகிறேன். அதை விடச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் என் பழைய லேப்டாப்பும் லேசுப்பட்டதல்ல. பதினேழு இன்ச். விளையாட்டுப் பைத்தியங்களுக்காகச் செய்தது. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிட்டேன். பேட்டரி செத்து மூன்று வருடமாகிறது. வயரைக் குத்தினால்தான் உயிர் வரும். சார்ஜரைத் தலையில் போட்டால் ஆள் காலி.

லேசான லேப்டாப் ஒன்று வாங்குவதென்று முடிவானதும் ஊரில் எல்லோருக்கும் அறிவு சுரந்துவிட்டது. ஆல்பம் அச்சடிப்பவர், "கலர் சுத்தமா காட்டணும், மத்ததெல்லாம் சும்மா" என்றார். மச்சான், ராம் பதினாறு ஜி.பி.க்குக் கம்மி என்றால் கையாலேயே தொடக் கூடாது என்றான். நான் ஒரு மாதம் யூடியூப் பார்த்து, ஆரம்பித்தபோது தெரிந்திருந்ததையும் மறந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு என் மனைவி என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். அவள் கிராமத்து நர்ஸ். மறுநாள் முகாமுக்கென்று குழந்தைகளை எடை பார்க்கும் தராசு அவள் பையில் இருந்தது. மேலே கொக்கி, நடுவில் வட்டத்துக்குள் முள், கீழே துணித் தூளி. அது எதற்கு இங்கே என்று கேட்கத் தோன்றாதது என் தவறுதான்.

கடைப் பையன் பளபளவென்று ஒன்றைக் காட்டினான். "சார், இது காத்து மாதிரி சார்."

"காத்துக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ பெரிய சார்ஜரு?" என்றாள் அவள். அவன் வாயை மூடுவதற்குள் தராசை எடுத்து என் கையில் தூக்கிப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பையும் சார்ஜரையும் தூளியில் படுக்க வைத்தாள். கடையில் இருந்தவர்களெல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு கிலோ எரநூறு. எடை கம்மின்னாலும் பொழச்சிக்கும். ஆனா உங்க தோளுக்கு ஜாஸ்தி. வேற காட்டுப்பா."

இப்படி ஆறு பிள்ளைகளைத் தூளியில் போட்டு எடுத்தாள். பதினைந்து இன்ச் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கேமரா கார்டைச் சொருக அதில் இடமும் இருந்தது. "ரெண்டேகால்" என்று தள்ளிவிட்டாள். கடைசியாக வந்தது பதிமூன்று இன்ச். சார்ஜரோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ. செல்போன் சார்ஜர் போலச் சின்னதாக ஒன்று, அவ்வளவுதான். கார்டு சொருக இடமில்லை, அதற்குத் தனியாக ஒரு குட்டி இணைப்பு வாங்க வேண்டும். திரை கண்ணாடி மாதிரி மின்னியது. ராம், மச்சான் சொன்ன அதே பதினாறு. கலரும் மோசமில்லை.

"இது குறைமாசப் பிள்ளை. இதத்தான் தூக்கிக்கினு போகணும் நீங்க" என்றாள். நான் சரி என்றேன். பதிலுக்கு வேறு எது சொன்னாலும் அடுத்து என்னையும் தூளியில் போட்டிருப்பாள்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊரில் கல்யாணம். பையைத் தோளில் மாட்டி நடந்தபோது ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல இருந்தது; இரண்டு முறை திறந்து பார்த்தேன். ஏற்றத்தில் எங்கும் உட்காரவில்லை. பெண் வீட்டில் கல்யாணம் நல்லபடி நடந்து, சாயங்காலமே பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் இருட்டுவதற்குள் படங்களைப் பிரித்து முடித்தேன். புது மெஷின் குதிரையாக ஓடியது. எலும்பு டாக்டருக்கு ஒரு வணக்கம் போடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் பாய் விரித்து, கவிழ்த்த அண்டாவின் மேல் லேப்டாப்பை வைத்தேன். முப்பது பேர் கூடிவிட்டார்கள். வெயிலும் கூடவே வந்துவிட்டது.

"இன்னாபா இது, எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

உண்மைதான். மின்னுகிற திரையில் வானமும் பந்தலும் எல்லோருடைய தலையும் தெரிந்தன, கல்யாணத்தைத் தவிர. நிழலுக்கு நகர்த்தினேன். அங்கே மூன்று பேர் பார்க்கலாம். நான்காமவர் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். பழைய பெட்டி என்றால் முப்பது பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சண்டை போட்டிருப்பார்கள்.

பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அடுத்த மாசம் என் தம்பி வூட்டுக் கல்யாணம். நீ அந்தப் பெரிய பொட்டிய எடுத்துக்கினு வா. இல்லன்னா சின்னசேலத்துல ஒருத்தர் டிவியே கொண்டாரேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

எனக்கு அழாத குறைதான். பெரிய பெட்டியைத் தூக்கத் தோள் இல்லை. சின்னப் பெட்டியைப் பார்க்க ஊர் இல்லை. ஒருவர் டிவியோடு மலையேறிவிட்டால் அப்புறம் ஊருக்கு ஊர் டிவிதான் கேட்பார்கள். மலை என் கையை விட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

அதுவரை பின்னால் நின்ற பெண்ணின் அம்மா முன்னே வந்தார். "தம்பி, இதுக்கு வயரு வேணாமா?"

"வேணாம்மா. இன்னும் அஞ்சாறு மணி நேரம் தாங்கும்."

சோற்றுத் தட்டை எடுப்பதுபோல ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "அப்ப நான் எடுத்துக்கினு போறேன். என் பெரிய பொண்ணு பாக்கட்டும்."

அந்த வீட்டுக்கு ஒரு பெரிய பெண் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது, பிரசவம் அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் என்று கணக்கு; பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. பிறந்து ஒன்பது நாள். தீட்டுக் கழியாதவள் கல்யாண வாசலுக்கு வரக் கூடாது, மாலை போட்ட மணப்பெண்ணும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதால் தெருக்கோடியில் சித்தப்பா வீட்டில் இருந்தாள். தங்கச்சி கல்யாணத்தில் அவளுக்குக் கிடைத்தது மேளச் சத்தம் மட்டும்.

ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அம்மாவுக்கு இரண்டு பொத்தான்கள் கற்றுக்கொடுத்தேன். ஒன்று அடுத்த படத்துக்கு. இன்னொன்று, பிடித்திருந்தால் நட்சத்திரம் போட. அவர் லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் அந்த வீட்டுக்கு வெளியே பலா மரத்தடியில் நின்றேன்.

உள்ளே முதலில் சிரிப்பு. பிறகு குழந்தை அழுதது. வெகுநேரமாகியும் லேப்டாப் வெளியே வரவில்லை. எதையாவது அழித்துத் தொலைத்துவிட்டார்களோ என்று வாசல்படிவரை போய்த் திரும்பினேன். திடீரென்று நாலைந்து பெண்கள் லேப்டாப்போடு வெளியே வந்து, என்னைக் கண்டுகொள்ளாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து அடுத்த வீடு. அடுப்படியில் பார்த்தார்கள், மாட்டுக் கொட்டகையில் பார்த்தார்கள். வாசலில் கூடும்போது பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். மருமகள்களுக்கு முதன்முறையாக அபிப்பிராயம் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருந்தது. யாரும் விடுவதாக இல்லை.

திரும்பி வந்தபோது பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பெண்ணின் அம்மா அதை என் கையில் கொடுத்து, கணவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அடுத்த கல்யாணத்துக்கும் இதையே எடுத்துக்கினு வா தம்பி. டிவிய யாரு வூடு வூடா தூக்கிக்கினு போறது?"

பெண்ணின் அப்பா பீடி தேடுவதுபோல எழுந்து போனார். மலை என் கைக்குத் திரும்பிவந்தது.

நட்சத்திரம் போட்டவற்றைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். வீட்டுக்கு ஒன்று சரியாக இருந்தது. ஆனால் பெரிய பெண் தேர்ந்தெடுத்தவை என்று அம்மா காட்டிய பதினோரு படங்களும் நான் வேண்டாமென்று ஒதுக்கியவை. ஒதுக்கியவற்றை மறைத்துவைக்கப் புது மெஷினில் மறந்திருக்கிறேன். பதினொன்றிலும் மணப்பெண் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். இதை ஆல்பத்தில் வைத்தால் என் தொழில் என்னாவது? எழுந்து போய் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று அவளுக்குக் குரல் கொடுத்தேன்.

"ஏம்மா, நீ பொறுக்குனதெல்லாம் சரியா வராத படம்மா. பொண்ணு கேமராவையே பாக்கல."

உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "இந்த வூட்டத்தாங்க பாத்துக்கினு இருக்கா."

நான் திரும்பிப் பார்த்தேன். தெருவின் அந்தக் கோடியில் கல்யாணப் பந்தல் நேராகத் தெரிந்தது. முந்தின நாள் முழுக்க, "இங்க பாரும்மா, கேமராவப் பாரு" என்று அந்தப் பெண்ணை நான் அதட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.