யாரும் ஆடாத நேரத்து ஊஞ்சல்

ஆம்பூரில் எங்கள் தெருக் கோடியில் ஒரு பூங்கா வேண்டும் என்று நகராட்சிக்கு மனு மேல் மனு போட்டவள் நான். அப்போது என் மகளுக்கு ஊஞ்சல் ஆடும் வயது. ஒருவழியாகப் பூங்கா வந்தபோது அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டிருந்தாள். அந்த ஆற்றாமையோ என்னவோ, பூங்காவுக்கு நானே காவலாகிவிட்டேன்.

ஒரு மாலை, ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் சீருடையோடு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னாம்மா, போர்டு பாக்கலியா? இது சின்னப் பசங்களுக்கு. அறுந்துச்சுன்னா மறுபடி ஆபீஸுக்கு யாரு அலையறது?"

அவள் பதறி இறங்கினாள். "பசங்க யாரும் இல்லன்னுதான் உக்காந்தேங்க்கா. காலையிலேர்ந்து தையல் மிஷின் பெடல மிதிச்சினே இருக்கோம். இதுலதான் காலுக்கு வேலை இல்ல."

நான் அவள் கால்களைப் பார்த்தேன். அவளே கேட்டாள். "நீங்க கேட்டுதான் இந்தப் பார்க்கே வந்துச்சாமே. ஒரு வாட்டியாச்சும் ஆடியிருக்கீங்களா?"

"நானா? இந்த வயசுலயா?"

"உக்காருங்கக்கா, நான் ஆட்டி வுடறேன்."

தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். முதுகில் அவள் கை மெதுவாகப் பட்டது. அதில் ஷூ ஒட்டும் பசையின் வாசம்.

"கால தூக்குங்கக்கா."

தூக்கினேன். கண்ணில் நீர் முட்டியது; பின்னால் நின்ற அவளுக்கு அது தெரிந்திருக்காது.

பெரியவர்களுக்கும் ஓர் ஊஞ்சல் கேட்டு இப்போது மனு போட்டிருக்கிறேன். எத்தனை வருஷம் இழுத்தாலும் இழுக்கட்டும். இந்த முறை வயது தாண்டிப் போய்விடாது.