அருமைநாயகி ஏறிய ஏணை

“என்னத்துக்குக் கயிறு?”

வந்தவர் காதில் விழாதவர்போல, தொங்கும் கயிற்றுச் சுருள்களைத் தடவிப் பார்க்கிறார். அருமைநாயகி விடுவதாக இல்லை.

“உங்களைத்தான் அண்ணை கேக்கிறன். கயிறு என்னத்துக்கு?”

“ஆட்டுக்கு.”

“கிடாயோ, மறியோ?”

“கிடாய்.”

“அப்ப உது சரிவராது. ரெண்டு நாளிலை அறுத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போயிடும். பிறகு நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் வழக்கெண்டு கோட்டுப்படி ஏறுவியள். இதைக் கொண்டுபோங்கோ.”

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாழைக்குலை விற்பவர்களுக்குப் பின்னால் இருக்கிறது அருமைநாயகியின் கயிற்றுக் கடை. காரணம் சொல்லாமல் அங்கே ஒரு முழக் கயிறுகூட வாங்க முடியாது. கிணற்றுக்கென்றால் கிணறு எத்தனை பாகம் ஆழம் என்று சொல்லவேண்டும். உடுப்புக் காயப்போடக் கொடி கட்டவென்றால் வீட்டில் எத்தனை பேர், சேலை கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று விசாரணை நடக்கும். ஒருமுறை அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் பொறுமை கெட்டு, “தூக்குப் போட!” என்று கத்திவிட்டார். “அதுக்கு இஞ்சை கயிறில்லை. வீட்டை போய்ச் சோறு தின்னுங்கோ” என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

ஆள் நல்ல பாரியான பெண். அவள் எழுந்து நின்றால் கடை பாதியாகிவிடும். கைகள் உலக்கை பிடித்து உரமேறியவை. புதுக்கயிறு வந்தால் முதலில் மோந்து பார்ப்பாள். மழையில் நனைந்து காய்ந்த தும்பு புளித்து மணக்குமாம். பிறகு முழங்கையில் சுற்றி இழுப்பாள். அந்த இழுவையில் முனகாத கயிறுதான் கடைக்குள் நுழையும்.

இத்தனை கெடுபிடியும் ஆட்டுக்கும் கிணற்றுக்கும்தான். யாராவது பிள்ளைக்குத் தொட்டில் கட்ட, “ஏணைக்கு” என்று வாயெடுத்தால் நடப்பதே வேறு. கணவர் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடையில் இருத்திவிட்டுத் தானே கயிற்றோடு கிளம்பிவிடுவாள். ஆழ்வாப்பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் எவருக்கும் எதையும் விற்கும் நல்ல மனிதர். அன்றைக்கு மட்டும் வியாபாரம் அமோகமாக நடக்கும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய், கூரைக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் வளை மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். கயிறு மரத்தில் உரசித் தேயாமல் இருக்க, உரசும் இடத்தில் சாக்குத் துண்டொன்றைச் சுற்றுவாள். கயிற்றின் இரண்டு தலைப்பிலும் பழஞ்சேலையை முடிந்து, நடுவிலே பிள்ளை கிடக்கும் பள்ளத்தைக் கையால் அமத்திப் பார்ப்பாள். பிறகு, பிள்ளைக்கு முன்னால், அந்த ஏணைக்குள் தானே ஏறி இருப்பாள்.

மற்ற வீடுகளில் அம்மிக் குழவியை ஏணையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கிடத்துவார்கள். அருமைநாயகிக்கு அது போதாது. “கல்லு கிடந்தபடி கிடக்கும். பிள்ளை கிடக்குமே? உதைக்கும், துள்ளும். ஆட்டுறவள் அரைநித்திரையிலை இழுத்து விடுவள். நான் இருந்து பாத்தால்தான் பாத்தது.”

நியாயம்தான். ஆனால் முழு நியாயமும் அதுவல்ல. ஏணையில் ஏறியவள் உடனே இறங்கிவிட மாட்டாள். காற்பெருவிரலால் நிலத்தை மெல்ல உந்தி, முன்னும் பின்னுமாக ஆடுவாள். ஆடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். முடிச்சு இறுகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாளாம். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

உண்மை என்னவென்றால், அவளுக்கு ஆட ஆசை. சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் வருஷப்பிறப்புக்கு ஊரெல்லாம் ஊஞ்சல் கட்டுவார்கள். அவள் கிட்டப் போனாலே, “அருமை ஏறினால் அறும்!” என்று பெட்டைகள் கூச்சல் போடுவார்கள். கைப்பலம் இருந்ததால் ஆட்டிவிடும் வேலை அவளுக்கு வாய்த்தது. பிற்பகல் முழுவதும் மற்றவர்களை ஆட்டிவிட்டு, உள்ளங்கை சிவந்து வீட்டுக்கு வருவாள். ஒரு வருஷம்கூட அவளை ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதை அவள் ஆழ்வாப்பிள்ளைக்கும் சொன்னதில்லை.

போன ஆவணியில் கோப்பாய் கனகாம்பிகை வீட்டில் ஏணை கட்ட அழைத்திருந்தார்கள். மகன் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். மருமகள் மகாதேவிக்குக் கலியாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறிக் கிடைத்த முதற்பிள்ளை. வீடு நிறையச் சனம். நடுக்கூடத்து வளைக்குப் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். அது முகம் பார்க்கலாம்போல மினுங்கியது.

“என்ரை மாமனார் போட்ட பனை வளை. நாங்கள் எல்லாரும் போய்ச் சேந்த பிறகும் அது நிக்கும்” என்றார் கனகாம்பிகை.

யாழ்ப்பாணத்தில் பனையைச் சந்தேகிக்க ஆளில்லை. அருமைநாயகியும் சந்தேகிக்கவில்லை. கயிற்றைப் போட்டாள், சாக்கைச் சுற்றினாள், சேலையை முடிந்தாள். குழவிக்கல்லை வைத்தார்கள், ஏணை அசையாமல் நின்றது. அவள் கல்லை எடுத்துவிட்டு ஏறப் போனாள்.

“நீ ஏறாதை பிள்ளை,” என்றார் கனகாம்பிகை. “கல்லையே தாங்கிச்சுது, அது காணும். நல்ல நாளிலை உன்ரை பாரத்துக்கு அறுந்து கிறுந்து போனால் சகுனப் பிழை.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கயிறு புதிது, வளை பனை. அன்றைக்குத் தான் ஏறவேண்டும் என்பதற்கு ஆசையைத் தவிர வேறு காரணம் ஏதும் இல்லை என்று அருமைநாயகிக்கே தெரியும். காது சுட்டது. மிஞ்சிய சாக்குத் துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

“இல்லை மாமி,” என்றாள் மகாதேவி, பிள்ளையைத் தோளில் போட்டபடி. “அக்கை இருந்து பாக்கட்டும். எனக்கு மனம் கேக்குதில்லை.”

தவமிருந்து பெற்றவள் சொன்னால் மறுக்க யாரால் முடியும்? அருமைநாயகி ஏறினாள். கூச்சத்தோடு ஒரே ஒருமுறை நிலத்தை உந்தினாள்.

தலைக்கு மேலே சடாரென்று ஒரு சத்தம். வளை நடுவால் முறிந்தது. ஏணையோடு அவள் நிலத்தில் இருந்தாள். தலையெல்லாம் மண் கொட்டியது.

“ஐயோ, நான் சொன்னனான்தானே! என்ரை மாமன் போட்ட வளையை முறிச்சுப்போட்டாள்!” என்று கனகாம்பிகை குரலெடுத்தார்.

அருமைநாயகி எழும்பவில்லை. சிறுவயதில் பெட்டைகள் கத்திய அதே சொல், இத்தனை சனத்துக்கு நடுவே பலித்துவிட்டது. இனி எந்த வீட்டில் தன்னை ஏறவிடுவார்கள் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தாள்.

மகாதேவி குனிந்து, முறிந்து விழுந்த துண்டொன்றை எடுத்தாள். வெளியே தார், உள்ளே செல்லரித்துப் புற்றுமண். விரலால் அமத்தியதும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. வைரம் பிடிக்காத இளம் பனையை யாரோ அந்தக் காலத்தில் தறித்துப் போட்டிருக்கிறார்கள். கல்லுக்கு அசையாமல் கிடந்தது, ஆட்டத்துக்கு நிற்கவில்லை.

“மாமி, இஞ்சை பாருங்கோ.”

கனகாம்பிகை துண்டைப் பார்த்தார். மேலே வெறுமையாய் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மருமகளின் தோளில் வாயைச் சப்பிக்கொண்டு தூங்கும் பேரனைப் பார்த்தார். அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

விறாந்தையில் ஒரு வேப்ப வளை இருந்தது. ஏணி வைத்து ஏறி, கத்தியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். அருமைநாயகி இடுப்பைத் தடவிக்கொண்டே மறுபடியும் கயிற்றைப் போட்டு, சாக்கைச் சுற்றி, சேலையை முடிந்தாள். முடிந்ததும் விலகி நின்றாள்.

“குழவியை வையுங்கோ. காணும்.”

“குழவி கிடக்கட்டும்,” என்றார் கனகாம்பிகை. “நீ ஏறி இரு மோனை.”

அருமைநாயகி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஏறி இருந்தாள். முடிச்சு ஒருமுறை இறுகி அடங்கியது. வளை வாய் திறக்கவில்லை. சனம் மேலே பார்த்து நின்றது. அவள் வழக்கம்போலப் பெருவிரலை நிலத்தில் ஊன்றப் போனாள்.

அதற்குள் பின்னால் காப்புகள் கலகலத்தன. இரண்டு கைகள் அவளுடைய முதுகில் பதிந்து, மெதுவாக முன்னே தள்ளிவிட்டன. திரும்பிப் பார்த்தாள், கனகாம்பிகை. திரும்பி வந்த ஏணையை அவர் இன்னொருமுறையும் ஆட்டிவிட்டார், இந்த முறை கொஞ்சம் பலமாக.

அருமைநாயகி இரண்டு கால்களையும் மடக்கி மேலே எடுத்துக்கொண்டாள்.